ஹை எண்ட் ஆடியோ கண்காட்சியில் காது கொடுத்துக் கேட்பது எப்படி: கொங்கு நாட்டு ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவையின் மோட்டார் பட்டறைகளில் இந்தக் காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் பேரிங் மூடியின்மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு மெக்கானிக் சில விநாடிகள் அசையாமல் நிற்பார். பிறகு "பேரிங் போயிருச்சுங்க" என்பார். கழற்றிப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். நல்ல பேரிங் எப்படி ஓடும் என்பது அவர் காதில் ஆழப் பதிந்திருப்பதால்தான் கெட்டுப்போனது உடனே பிடிபடுகிறது.

லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் கேட்கப் போகிறவருக்கும் வேண்டியது காதில் இப்படிப் பதிந்திருப்பதுதான். ஒரு ஒலி இயல்பில் எப்படி இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தவர் மட்டுமே, கருவி அதில் எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது என்று சொல்ல முடியும். ஆகவே இந்த வழிகாட்டி கண்காட்சி வாசலில் தொடங்காமல் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்குகிறது.

ஒரு மாதத்துக்கு முன்: மைக் இல்லாத இசையைத் தேடிக் கேளுங்கள்

நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் விழாக்களிலும் நாம் கேட்கும் இசையில் பெரும்பகுதி மைக் வழியாக, மண்டபத்து ஸ்பீக்கர் வழியாக வருவது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு வேறொரு ஸ்பீக்கரை எடைபோட முடியாது. சுவாமி புறப்பாட்டின்போது மைக் இல்லாமல் வாசிக்கப்படும் நாதஸ்வரமும் தவிலும் நல்ல பாடம். பேரூரிலோ உங்கள் ஊர்க் கோயிலிலோ பத்தடி தள்ளி நின்று தவிலை மட்டும் கவனியுங்கள். வலப்பக்கம் விரல்களில் மாட்டிய கூடு தோலைத் தொடும் நொடியில் எழும் வறண்ட, கூரிய ஓசை ஒன்று. இடப்பக்கம் குச்சி விழும்போது வயிற்றில் உணரப்படும் கனமான ஓசை மற்றொன்று. இரண்டும் ஒரே கருவியிலிருந்து, ஒரே கணத்தில், ஒன்றை ஒன்று மூடாமல் வருகின்றன. இதை நான்கைந்து முறை கேட்டுப் பதித்துக்கொண்டால், பதிவு செய்யப்பட்ட தவிலில் கூட்டின் கூர்மை மழுங்கியிருக்கிறதா, குச்சியின் கனம் வெறும் உறுமலாகிவிட்டதா என்பது யாரும் சொல்லாமலேயே விளங்கும்.

வீட்டில் யாராவது பாடுகிறார்கள் என்றால் அது இன்னும் நல்லது. மனிதக் குரலை நாம் பிறந்தது முதல் கேட்டு வருகிறோம். அதில் சிறு பிழை இருந்தாலும் காது ஏற்காது.

பென் டிரைவில் எடுத்துச் செல்ல வேண்டியவை

கண்காட்சி அறைகளில் நிறுவனத்தார் போடும் பாடல்கள் அவர்களுடைய கருவி எதில் சிறந்து விளங்குகிறதோ அதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகையால் உங்களுக்கு நூறு முறையாவது கேட்டுப் பழகிய ஐந்து பதிவுகளை எடுத்துச் செல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஏனென்றால் ஓர் அறையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது மூன்று அல்லது நான்கு நிமிடங்களே. ஒவ்வொரு பதிவிலும் எந்த நிமிடத்தில் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய ஐந்தில் முதலாவது, தம்புரா சுருதியோடு தொடங்கும் ஓர் ஆண் குரல். இரண்டாவது, மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தின் இரண்டு நிமிடம். மூன்றாவது வீணை. நான்காவது, பேஸ் கிட்டார் தனித்துக் கேட்கும் பழைய திரைப்பாடல். ஐந்தாவது, நிறைய வாத்தியங்கள் ஒரே நேரத்தில் முழங்கும் பகுதி. இவற்றைச் சி.டி.யிலிருந்து சுருக்காமல் எடுத்து, 16 பிட், 44.1 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் ஃபிளாக் அல்லது வேவ் கோப்பாக வைத்திருக்கிறேன். 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி.க்கென்று நிர்ணயிக்கப்பட்ட இந்த அளவே ஒரு கருவியை எடைபோடத் தாராளமாகப் போதும். பென் டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்; பல பிளேயர்கள் வேறு முறையைப் படிப்பதில்லை. அதே பாடல்களை ஒரு சி.டி.யிலும் பதிந்து கையில் வைத்திருப்பது நல்லது.

பயணம், தூக்கம், காது

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2004 முதல் 2025 வரை நடந்து, பிறகு வியன்னாவுக்கு இடம் மாறிய ஹை எண்ட் கண்காட்சிதான் இத்துறையில் உலகம் கூடும் இடம். நமக்கு எட்டக்கூடியவை சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களின் ஓட்டல்களிலும் அரங்குகளிலும் நடப்பவை. கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ இரவு ரயிலில் போய் இறங்கி, நேராக அரங்குக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு மணி நேரம் தண்டவாளச் சத்தத்தில் கிடந்த காதுக்கு உயர்ந்த சுருதிகள் சற்று மங்கலாகவே கேட்கும். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, ஓர் இரவு அமைதியாக உறங்கி, மறுநாள் காலை கதவு திறக்கும்போது உள்ளே நுழைவதே சிறந்தது. கூட்டம் குறைந்த முதல் ஒரு மணி நேரத்தின் மதிப்பு பிற்பகல் முழுவதையும் விடப் பெரிது.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிப்பட்டறையில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 4,000 அதிர்வு) சுற்றிலும்தான் முதலில் தொடங்குகிறது. போவதற்கு முன் ஒருமுறை ஆடியோகிராம் என்ற கேள்திறன் சோதனை எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதில் குறை தெரிந்தால் வருந்தி வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் உங்கள் தீர்ப்பை மட்டும் நம்பாமல், இளைய காதுள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

முதல் சுற்று: உட்காராமல் நடந்து வாருங்கள்

கொடிசியா வளாகத்தில் வேளாண் கண்காட்சியும் இயந்திரக் கண்காட்சியும் பார்த்துப் பழகிய நமக்கு, நுழைந்ததும் முதல் ஸ்டாலிலேயே நின்று விலை விசாரிக்கும் வழக்கம் உண்டு. ஆடியோ கண்காட்சியில் அதைத் தவிர்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் எல்லா அறைகளின் வாசலிலும் அரை நிமிடம் நின்றுவிட்டு நகருங்கள். உள்ளே யாரோ நிஜமாகவே வீணை வாசிக்கிறார்கள் என்று தாழ்வாரத்திலேயே தோன்றினால் அந்த அறையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு வெளியே ஸ்டீரியோ விளைவு எதுவும் கேட்காது. அங்கே வந்து சேர்வது ஒலியின் நிறமும் உயிர்ப்பும் மட்டுமே. அதனாலேயே இந்தச் சோதனையை நான் பெரிதும் நம்புகிறேன்.

அறைக்குள்: ஸ்பீக்கருக்கு முன் அறையைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. கண்காட்சியில் நீங்கள் கேட்பது ஸ்பீக்கரை மட்டும் என்று நினைத்துக்கொண்டால் மற்ற எல்லாத் தீர்ப்புகளும் பிழையாகிவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உங்கள் காதுக்கு வருவதில் அறையின் பங்கு ஸ்பீக்கரின் பங்கைவிடக் குறைந்ததாக இருக்காது.

காரணம் எளிது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர்; அது ஓட்டல் அறையின் நீளத்தைவிடப் பெரிது. இரு எதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் அலைநீளத்தில் சரிபாதியாக அமையும் சுருதியில், அலை சுவர்களுக்கிடையே நிலைத்து நின்று, சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் காணாமலும் போகிறது. கணக்கு இதுதான்: 563 என்ற எண்ணை அறையின் அடி அளவால் வகுத்தால் அந்தச் சுருதி ஹெர்ட்ஸில் கிடைக்கும். 16 அடி நீளத்துக்கு 35, 12 அடி அகலத்துக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56.

இதை நான் கற்றது பணம் கொடுத்துத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியின் பெரிய அரங்கில் ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றைக் கேட்டேன். அதன் பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, நிலத்திலிருந்து எழுவது போல அத்தனை ஆழமாக இருந்தது. அங்கேயே முன்பணம் கட்டினேன். வீட்டுக்கு வந்து, 16க்கு 12 அடிக் கூடத்தில் வைத்து அதே பாட்டைப் போட்டபோது, பேஸ் கிட்டாரின் ஏ தந்தி ஒலிக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மற்ற சுரங்கள் அதன் பின்னால் மறைந்துவிட்டன. அந்தத் தந்தியின் சுருதி 55 ஹெர்ட்ஸ். என் கூரையின் உயரம் 10 அடி. ஸ்பீக்கரில் குறை எதுவும் இல்லை. கூடத்தோடு அது பொருந்தவில்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆகவே அறைக்குள் நுழைந்ததும் சில விஷயங்களைப் பாருங்கள். ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்கிறது? தரையில் கம்பளம் உண்டா, சுவரில் திரை உண்டா? அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சுவதால், காலையில் ஐந்து பேரோடு கேட்ட அறை மாலையில் முப்பது பேரோடு வேறுவிதமாகவே கேட்கும். பாட்டு நின்ற இடைவெளியில் மெதுவாக ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று ஓர் எதிரொலி தொடர்ந்தால், அந்த அறையில் ட்வீட்டர் (உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் சிறிய ஸ்பீக்கர்) கரகரப்பாகத் தோன்றுவதற்கான பழியை முழுவதும் ஸ்பீக்கர்மேல் போட வேண்டாம். ஏசியின் இரைச்சலையும் கவனியுங்கள். மெல்லிய ஓசைகள் எல்லாம் அதற்குள் அமிழ்ந்துவிடும்.

பிறகு நடு இருக்கை கிடைக்கும்வரை காத்திருங்கள். இரு ஸ்பீக்கர்களும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமையும் இடத்தில்தான், 1931-இல் ஆலன் புளூம்லைன் காப்புரிமை கோரிய ஸ்டீரியோ முறை தன் வேலையைச் செய்யும். ஓரிரு அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பாடகர் அருகிலுள்ள ஸ்பீக்கருக்குள் போய்விடுவார். நடு இருக்கை கிடைக்கவே இல்லையென்றால் ஒலியின் நிறத்தை மட்டும் எடைபோடுங்கள். பாடகரும் வாத்தியங்களும் எங்கெங்கே இருப்பதாகத் தோன்றும் மேடைத் தோற்றத்தைப் பற்றி எதுவும் எழுதிக்கொள்ள வேண்டாம். கடைசியாக எழுந்து பின்சுவர் ஓரம் போய் நின்று கேளுங்கள். அங்கே பேஸ் எவ்வளவு வீங்குகிறது என்பதை வைத்து, இருக்கையில் கேட்டதில் அறையின் பங்கு எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

ஒலி அளவைச் சமன் செய்யுங்கள்

மனிதக் காது குறைந்த சத்தத்தில் பேஸை மிகக் குறைவாகவே கேட்கிறது. சத்தம் கூடக் கூட பேஸும் நிறைந்து வருகிறது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். இதனால் ஒரே ஸ்பீக்கர் ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே, சத்தம் கூடியதாகத் தோன்றாமல் தரம் கூடியதாகத் தோன்றும். கண்காட்சிகளில் நடக்கும் தவறான தேர்வுகளில் பெரும்பகுதி இதனால் நிகழ்வது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குத் தம்புரா உதவும். சீராக ஒலிக்கும் அதன் சுருதியில் மீட்டர் முள் அலைபாயாது. செல்போனில் ஒரு டெசிபல் மீட்டர் செயலியை நிறுவிக்கொண்டு, எல்லா அறைகளிலும் அந்த முதல் பாடலின் தம்புரா ஒரே அளவைக் காட்டும்படி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், ஒரே போன் ஒரே அமைப்பில் இருக்கும்வரை ஒப்பீடு செல்லும்.

சத்தம் அதிகமான அறையில் நெடுநேரம் இருக்க வேண்டாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு எல்லை என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது என்றும் ஒரு கணக்கு உண்டு. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். ஒரு மணி நேரம் கேட்டால் பதினைந்து நிமிடம் வெளியே போய் அமைதியாக நில்லுங்கள்.

எதை, எந்த வரிசையில் கேட்பது

முதலில் குரல். அதிலும் தமிழ்க் குரல். நம் மொழியில் ல, ள, ழ ஆகிய மூன்றும் தனித்தனியே காதில் விழ வேண்டியவை. அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்று பிரித்த இருவழி ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றில், வூஃபர் விடைபெற்று ட்வீட்டர் பொறுப்பேற்கும் இடமும் இதுவே. அந்தக் கைமாற்றம் சீராக இல்லாத ஸ்பீக்கரில் 'வாழை' என்ற சொல் 'வாளை'க்கு அருகில் வந்துவிடும். உங்கள் பாடலில் ழகரம் வரும் இடங்களை முன்பே குறித்து வைத்திருங்கள். ச, ஸ வரும் இடங்களில் ஊசி குத்துவது போல் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து தம்புரா. குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகிய ஜீவாளி நூலால் எழும் ரீங்காரத்தில் மேல் சுருதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நல்ல ஸ்பீக்கரில் அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து மெல்ல மேலேறுவதைப் பின்தொடரலாம். மட்டமானதில் எல்லாம் சேர்ந்து வெறும் பளபளப்பாகிவிடும்.

மிருதங்கத்தில் வலந்தலையின் தெளிவான சுருதியையும் ரவைப் பூச்சுள்ள தொப்பியின் குழைவான 'கும்'மையும் கேளுங்கள். தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கியில் சுருதி வழுக்கி ஏறுவது கேட்க வேண்டும். 'தும்' என்று ஒரே இடத்தில் விழுந்து நின்றுவிட்டால், அது வூஃபர் பெட்டியின் ஓசை. பேஸ் கிட்டாரில், அது எவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்பதைக் கேட்காமல், அதன் மெட்டை உங்களால் முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

வாத்தியங்கள் நிறைந்த கடைசிப் பகுதியில், கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு முடிவுவரை போக முடிந்தால் போதும்.

கண்ணை மூடுவது சடங்குக்காகச் சொல்லப்படுவதில்லை. ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் தந்த மதிப்பெண்களும் பார்க்காமல் கேட்டபோது அவர்களே தந்த மதிப்பெண்களும் வேறுபட்டன. அவர்களில் பழகிய காதுடையவர்களும் இருந்தார்கள். கண்ணபுரத்துச் சந்தையில் மாடு பிடிக்கப் போகும் விவரமறிந்த விவசாயி, கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை, நடக்கவிட்டுப் பார்ப்பார். பளிங்கு போன்ற மெருகும் விரல் பருமனுள்ள கேபிளும் அந்த வண்ணத்தோடு சேர்ந்தவை. உங்கள் பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கும் அதை வைக்கப்போகும் அறைக்கும் போகட்டும். கேபிளுக்கு ஒதுக்கும் தொகையைப் பற்றி எல்லாம் முடிந்த பிறகு யோசிக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அறையில் இருப்பவர் காலையிலிருந்து நின்று பேசிக் களைத்திருப்பார். "அண்ணா, இந்தப் பாட்டுல ஒரு நிமிஷம் மட்டும் போட முடியுங்களா?" என்று தணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கூட்டம் இருந்தால் மற்றவர்கள் ஒப்புதலையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிமிடம் முடிந்ததும் நன்றி சொல்லி எழுந்துவிடுவது, மாலையில் இரண்டாம் முறை போகும்போது உங்களுக்கு நடு இருக்கையைப் பெற்றுத் தரும்.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு அது தரும் சத்தம், எவ்வளவு என்று கேளுங்கள். 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரிடம் பெற நான்கு மடங்கு வாட் வேண்டும். இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, மிகக் குறைவாக எத்தனை ஓம் வரை இறங்குகிறது என்பதையும் கேளுங்கள். 8 ஓம் என்று அச்சிட்டிருப்பது தோராயமான பெயரளவு எண் மட்டுமே. அறையில் ஓடும் ஆம்ப்ளிஃபயரின் விலை ஸ்பீக்கரின் விலையைப் போலப் பல மடங்கா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆம்ப்ளிஃபயர் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. வரி உட்பட விலை என்ன, பழுதானால் கோவையிலேயே பார்ப்பார்களா அல்லது மும்பைக்கு அனுப்ப வேண்டுமா, வீட்டில் வைத்துக் கேட்கத் தருவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அறையை விட்டு வெளியே வந்ததும், அடுத்த அறைக்குப் போகும் முன், தாழ்வாரத்திலேயே நின்று குறிப்பெழுதுங்கள். ஒலியின் நுண்ணிய நினைவு சில விநாடிகளிலேயே மங்கிவிடும்; மாலையில் டீ குடித்துக்கொண்டு நினைவுகூர்வது பெரும்பாலும் ஸ்பீக்கரின் உருவத்தைத்தான். பிற்பகலில் குறிப்பில் தேறிய மூன்று நான்கு அறைகளுக்கு மட்டும், காலையில் போன வரிசைக்கு எதிர் வரிசையில், மறுபடி செல்லுங்கள்.

வீடு திரும்பிய பின்

கண்காட்சி அறையில் கம்பளமும் திரையும் இருந்தன. நம் வீடுகளில் கான்கிரீட் கூரை, பூசிய சுவர், கிரானைட் அல்லது டைல்ஸ் தரை. ஒலி பட்டுத் திரும்பாத இடமே இல்லை. பவானி ஜமக்காளத்தை விரித்தால் உயர்ந்த சுருதிகளின் சிதறல் கொஞ்சம் அடங்கும். பேஸை அது தொடாது. அதற்குத் தடிமன் வேண்டும். இலவம் பஞ்சு மெத்தைகளை ஸ்பீக்கருக்குப் பின்னால் இரு மூலைகளிலும் நிறுத்திப் பாருங்கள். என் கூடத்தில் குரலின் தெளிவுக்கு அதுவே அதிகம் உதவியது. மூலையில் குவியும் பேஸின் வீக்கமும் ஓரளவு தணிந்தது. முற்றம் திறந்த பழைய ஓட்டு வீடு உள்ளவர்கள் பாக்கியசாலிகள். அங்கே பேஸ் தேங்காமல் வெளியேறிவிடும், ஆனால் ஸ்பீக்கரிடம் வேலை கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

தோட்டத்து வீடுகளில் மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்குவது வழக்கம். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வ் ஆம்ப்ளிஃபயர் வாங்க எண்ணுபவர்கள் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்த்துவிட்டு, சர்வோ ஸ்டெபிலைசர் ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேறிய ஸ்பீக்கரை ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்க அனுமதி பெறுங்கள். வந்த அன்றே பின்சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, தரையில் சாக்பீஸால் அதன் நான்கு மூலைகளையும் குறியுங்கள். தினமும் அதே தம்புரா, அதே அளவு, அதே ஐந்து பாடல்கள். ஒவ்வொரு நாளும் அரையடி முன்னோ பின்னோ நகர்த்திப் புதிய குறி. ஏழாம் நாள், பேஸ் கிட்டாரின் எல்லாச் சுரங்களும் ஒரே அளவு சத்தத்தில் கேட்கும் குறி எதுவும் தரையில் கிடைக்கவில்லையென்றால், பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, குறிப்பேட்டில் இரண்டாவதாக இருக்கும் பெயரை வரவழையுங்கள்.